சேட்டுப் போட்ட வேடர்

என் தொழில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டுவது. ஒரு பழைய வான், சாரதி வழிகாட்டி என்ற அனுமதி அட்டை, மூன்று மொழியில் தட்டித் தடவிப் பேசுகிற நாக்கு. இவ்வளவும்தான் முதல். ஊர் தண்ணீரூற்று, முல்லைத்தீவுக்குப் போகிற பாதையில் முள்ளியவளையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஊற்றங்கரைப் பிள்ளையாரைத் தெரிந்தவர்களுக்கு ஊரையும் தெரியும். வன்னியில் இருக்கிறவன் எப்படிக் கிழக்குக் கரை வேடரிடம் ஆட்களைக் கூட்டிப்போகிற வேலைக்கு வந்தான் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் ஒரு பஸ்ஸைப் பற்றித்தான் சொல்வது.

2008 கடைசியில் ஊரை விட்டு ஓடினோம். செட்டிக்குளம் முகாம் வரை போய்த் திரும்பி வந்து, தகரக் கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டியிருந்த காலத்தில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரத் தொடங்கியது. 2006 டிசம்பரில் கரை தட்டிய ஜோர்தான் கப்பல் 'பரா 3' துருப்பிடித்துக் கிடந்தது, அதைப் பார்க்க. புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் புலிகளின் தலைவரின் நிலக்கீழ் வீடு இருந்தது, அதைப் பார்க்க. (அதை 2013 ஒக்டோபரில் இராணுவம் தகர்த்துவிட்டது.) போகிற வழியில் எங்களையும் பார்த்தார்கள். ஒருநாள் எங்கள் படலையடியில் ஒரு பஸ் நின்றது. அம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றா. கூரையில்லாத வீடும் அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலும் படத்துக்கு எடுப்பாக இருந்திருக்கவேண்டும். யன்னலுக்கு யன்னல் கமரா. ஒரு பிள்ளை இறங்கி வந்து பிஸ்கற் பக்கற் ஒன்றை என் கையில் தந்துவிட்டு ஓடிப்போய் ஏறியது. நல்ல பிள்ளை. அந்தப் பிஸ்கற்றை நாங்கள் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மாதமே அப்படியான பஸ்களுக்கு வழி காட்டுகிற வேலைக்குப் போனேன். வெட்கம் இருந்தது. அதைவிடக் காசு தேவை கூடுதலாக இருந்தது. அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது.

2014இல் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட 'வேடர்கள்' நூலைப் பிரதியெடுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் கரையோர வேடரைப் பற்றி எழுதியிருப்பதைக் காட்டி, "தமிழ் பேசுகிற வேடர் இன்னும் இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்றேன். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தொடங்கி வாகரை வரைக்கும் கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் இடையில் அவர்களின் ஊர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அங்கே ஒரு குடும்பத்தைத் தெரியும். அதை நம்பித்தான் ஓட்டத்தை ஒத்துக்கொண்டேன்.

கொக்கிளாய் முகத்துவாரத்தில் அப்போது பாலமில்லை. புல்மோட்டை கண்ணுக்கு முன்னால் கிடக்க, வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று சுற்றித் திருகோணமலைக்குப் போகவேண்டும். பிறகு 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், கதிரவெளி. வாகரைப் பக்கம் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

அங்கே எங்களை வரவேற்ற பெரியவர் கோடுபோட்ட சேட்டும் சாறனும் உடுத்து, பொக்கற்றில் கைத்தொலைபேசியோடு நின்றார். நெற்றியில் திருநீறு. மட்டக்களப்புத் தமிழ். சீமெந்துக் கல்வீடு, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. ஜெர்மன் அம்மா நூலில் இருந்த படத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்: சாமான் சரியில்லை என்கிற பார்வை.

நான் பெரியவரைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். சேட்டைக் கழற்றிவிட்டு, தோளில் கோடரியை வைத்து, கையில் வில்லோடு கொஞ்சநேரம் நிற்க ஏலுமா? வில் அவரிடம் இல்லை. பேரன் ஈர்க்கில் அம்பு விட்டு விளையாடுகிற வில் ஒன்று கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தார்கள். வெள்ளைக்கார அம்மாவுக்குச் சந்தோசம். நான் ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. சேட்டை எடுத்துப் போட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு தெறியாகப் பூட்டிக்கொண்டே கேட்டார்:

"மனே, உங்கட ஊருக்கு வெள்ளக்காரன் வந்தா நீங்க எதக் கழட்டுவீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டதுபோலத்தான் இருந்தது. எனக்கு அம்மா நின்ற கிணற்றடி நினைவுக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போனேன். இரண்டு நாள் தங்கினேன். பெரியவர் பழையதைத் திரும்பக் கிளறவில்லை, களப்புக்குக் கூட்டிப்போனார். கண்டல் வேருக்குள் கால் வைத்து வீச்சுவலை எறிய எனக்கு வரவில்லை. வலை பூவாக விரிவதற்குப் பதில் பொட்டலமாக விழுந்தது. சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குக் காட்சிப் பொருள் நான்தான். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்றுவரை வருகிற ஒவ்வொரு விருந்தாளி கையிலும் அந்த வலையைக் கொடுப்பதுதான் எங்கள் முதல் வேலை.

அந்த இரண்டு நாளில் விளங்கியது இதுதான். இவர்கள் காட்டுக்குள் ஒளித்திருந்து நேற்று வெளியே வந்தவர்கள் அல்லர். செலிக்மன் காலத்திலேயே தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்ந்தவர்கள். கப்பலில் வந்த அந்நியரின் ஆவிகளைக் 'கப்பற்பேய்' என்று வழிபட்டதையும் அந்த நூல் எழுதி வைத்திருக்கிறது. பெரியவரிடம் அதைச் சொன்னபோது, "இப்ப வான்ல வருது" என்றார். குடிசன மதிப்பில் 1911இல் 5,332 பேரை வேடர் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு பிறகு எண்ணிக்கை இறங்கி, அறுபதுகளுக்குப் பிறகு அந்தத் தனிப் பெட்டியே இல்லாமல் போனது. ஆட்கள் எங்கேயும் போகவில்லை. தமிழர் என்றும் சிங்களவர் என்றும் அடுத்த பெட்டிக்குள் எழுதப்பட்டார்கள். சுனாமியில் அடிபட்டார்கள், 2006 கடைசியில் ஷெல்லுக்குள் ஓடினார்கள். எங்களைப்போலத்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் அவர்களின் பிள்ளையைப் பார்த்து "போடா வேடன்" என்று சொல்கிறது எங்கள் பிள்ளைதான்.

இதைவிட்டுவிட்டுப் 'பழங்குடி மக்களுடன் நிலைபேறான சுற்றுலா' என்று பேசுவதில் பிரயோசனமில்லை. அந்தச் சொல்லை நான் செயலமர்வுகளில் கேட்டிருக்கிறேன். சுவரில் கடுதாசி ஒட்டி, வட்டம் கீறி, வட்டத்துக்குள் 'சமூகம்' என்று எழுதுவார்கள். மதியம் கோழிப் புரியாணி. பின்னேரம் கையெழுத்து வைத்துவிட்டுப் போக்குவரத்துக் காசை வாங்கிக்கொண்டு கலைவோம். அப்படி ஒரு திட்டத்தில் வேறொரு ஊரில் இலுக்கு வேய்ந்த குடில்கள் நாலு கட்டி, 'வேடர் கிராமம்' என்று பலகையும் நட்டார்கள். கட்டுவதற்கு முன் ஊரில் யாரையும் கேட்கவில்லை. போன முறை பார்க்கும்போது அதற்குள் ஆடுகள் படுத்திருந்தன. மழைக்கு நல்ல இடம்.

படிக்கவேண்டும் என்று தம்பனைக்குப் போனேன். மகியங்கனைக்குக் கிட்ட. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசிய பூங்காவாக்கியபோது வேட்டைக்காடு முழுக்க வேலிக்குள் போனது. குடும்பங்களை மகாவலிக் குடியேற்றத்துக்கு ஏற்றினார்கள். மூத்த தலைவர் திசாஹாமி போகமாட்டேன் என்று நின்றார். 1998இல் அவர் இறந்தபின் தலைமைக்கு வந்த அவரின் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா.வில் காட்டைத் திருப்பிக் கேட்டவர். காடு வரவில்லை, சுற்றுலா பஸ் வந்தது. நான் போன ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றேன். நெருப்புக் கடைந்து காட்டினார்கள், ஆடிக் காட்டினார்கள், தேன் விற்றார்கள். குறை சொல்லமாட்டேன். வேட்டையாடினால் வழக்கு, காட்டுக்குள் தேன் எடுத்தாலும் வழக்கு வரலாம் என்றால், ஆடிக் காட்டிச் சம்பாதிப்பது அவர்களின் கெட்டித்தனம்தான். அவர்கள் தங்கள் மொழியையும் அதே மேடையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருந்த பத்து நிமிட ஓய்வில் ஓர் இளைஞன் கோடரியைத் தோளிலிருந்து இறக்கி, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த பஸ் திரும்பியது. கோடரி ஏறியது. வாகரையில் இது வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதை முடிவெடுக்க நான் யார் என்ற கேள்வி வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது.

ஆகவே போய்க் கேட்டேன். ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தது. வேப்பமரத்தடிக் கூட்டத்தில் ஆண்கள் ஓரத்தில் நின்றார்கள், பெண்கள் பாயில் இருந்தார்கள், பேசியது அவர்கள்தான். நான் நினைத்துப் போனது ஒன்று, நடந்தது இன்னொன்று. பண்பாடு, பாரம்பரியம் என்று தொடங்கினேன். ஒரு அக்கா இடைமறித்து, "எத்தின பேருக்குச் சோறு? எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டா. அதுதான் சரியான கேள்வி. அதிலிருந்து எல்லாம் ஒழுங்காக வந்தது.

ஒரு வான் மட்டும். பஸ் வந்தால் திருப்பி அனுப்புவார்கள். முதல்நாள் இரவு தொலைபேசி எடுத்துக் கேட்கவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக்கூடாது. சமையல் வீட்டுக்கு வீடு முறை மாறும். காசு என் கையிலிருந்து சங்கத்தின் கைக்கு, காலையில், விருந்தாளி இறங்கும் முன். இந்தக் கடைசி நிபந்தனையில் எனக்கு ரோசம் வந்தது. என்னை நம்பவில்லையா என்றேன். "உங்கள நம்புறம். பின்னேரம் ஆகினா மனிசர் மாறுற" என்றா அதே அக்கா. முன்பு வந்த யாரோ ஒரு கொழும்புக் கூட்டம் சாப்பாடு சரியில்லை என்று காசைப் பாதியாக்கிவிட்டுப் போயிருந்தது.

சடங்கு விசயத்தில் ஒரே சொல்லில் முடித்தார்கள். தெய்வம் ஆடுகிற நாளில் யாரும் வரவேண்டாம். ஒரு கொழும்பு முகவர் இதைக் கேட்டுவிட்டு, தன் ஆட்கள் வருகிற நாளில் சின்னதாக ஒரு சடங்கு 'செய்து காட்ட' ஏலாதா என்று என்னை நச்சரித்தார். வற்றாப்பளைப் பொங்கலை நினைத்துப் பாருங்கள் என்றேன். கண்ணகி அம்மனுக்குக் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத்தண்ணீரில் விளக்கெரித்து, வைகாசித் திங்களில் பொங்குவது. உங்கள் விமானம் புதன்கிழமை என்பதற்காக அதைச் செவ்வாய்க்கு மாற்றச் சொல்லி எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், உயிரோடு திரும்புகிறீர்களா பார்ப்போம். அவருக்கு விளங்கவில்லை. ஓட்டம் போய்விட்டது.

வேடர் என்ற சொல்லைப் போடுவதா விடுவதா என்பதில்தான் ஊருக்குள்ளேயே இழுபறி. பெரியவருக்கு அந்தப் பெயர் பெருமை. வருடாவருடம் ஓகஸ்ட் 9, உலகப் பழங்குடி மக்கள் தினத்துக்குப் போய்வருகிறவர். கச்சேரியில் வேலை எதிர்பார்த்திருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்று, "எங்கட ஊர்ப் பேரோட அதப் போட்டா எனக்குக் கலியாணம் பேச ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை. கடைசியில் ஊர்ப் பெயரைப் போடுவதில்லை என்று முடிவானது. ஆகையால் இங்கேயும் எழுதவில்லை. பழங்குடி உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்துக்கு இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. ஒன்றைச் செய்யும் முன் அந்த மக்களிடம் முன்கூட்டியே, நெருக்குதல் இல்லாமல், விசயத்தை முழுக்கச் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும் என்கிறது அது. செயலமர்வில் அதைப் படித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. அந்தப் பிள்ளை எழுந்து நின்றபோது விளங்கியது.

தேன் எடுக்கப் போன ஒரு காலையைச் சொல்கிறேன். ஆனி மாதம். விருந்தாளிகள் மூன்று பேர், பெரியவர், அவரின் மருமகன், நான். மருமகன் முதலில் காட்டைப் பார்க்கவில்லை, வற்றிக்கொண்டிருந்த ஒரு நீர்க்குழியைப் பார்த்துக் குந்தினார். தண்ணீர் குடிக்க வருகிற பூச்சி எந்தத் திசைக்கு எழும்புகிறது என்று பார்க்கிறார். அரை மணித்தியாலம். விருந்தாளிகளுக்குப் பொறுமை போய்விட்டது. நானும் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு எழுந்து நேர்கோட்டில் நடந்தார். ஒரு வீரை மரத்தடியில் நின்று, கோடரியின் பின்புறத்தால் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே காதை வைத்தார். வெள்ளைக்காரப் பெடியன் ஒருவனையும் காதை வைக்கச் சொன்னார். அவன் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். மரத்துக்குள் ஆறு ஓடுகிறது என்றான். காய்ந்த இலையைப் பச்சை இலையால் சுற்றிக் கட்டிய சூளைக் கொளுத்தி, புகையைப் பொந்து வாய்க்குள் ஊதி, கையை முழங்கை வரை விட்டு வதையை எடுத்தார். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. குஞ்சு இருந்த வதையில் பெரிய பங்கை உள்ளேயே விட்டு, வாயைக் கல்லால் அடைத்தார். ஏன் என்று கேட்டான் பெடியன். "அடுத்த வருசம் எனக்கு வேற வேல இல்லையா?" என்று மருமகன் திருப்பிக் கேட்டார். முன்பு சுரைக்குடுவை. இப்போது ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல். படத்தில் விழாமல் அதை மறைக்கச் சொல்லி ஒரு விருந்தாளி கேட்டார். பெரியவர் போத்தலை இன்னும் முன்னுக்கு வைத்தார்.

எல்லா நாளும் அப்படி வாய்க்காது. மூன்று மணித்தியாலம் நடந்து ஒன்றும் இல்லாமல் திரும்பிய நாள் அதிகம். தேன் இல்லையென்றால் இல்லை. கடையில் வாங்கி வைத்து விற்கிற பேச்சே கிடையாது. காட்டில் எடுக்கிற தேன் குறைவு, பொலிஸும் வன இலாகாவும் வேறு. ஆகவே இந்தச் சுற்றுலாவின் வருமானம் பெரும்பாலும் சோறும் இறால் கறியும்தான். சொல்ல அழகில்லாத உண்மை.

கோயம்புத்தூரில் அகதியாகப் போய்த் தங்கிவிட்ட சொந்தக்காரரைப் பார்க்கப் போனபோது பரளிக்காட்டுக்கும் போய்வந்தேன். பில்லூர் அணையில் இருளர் பரிசல் விடுகிறார்கள், பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள், வனத்துறை முன்பதிவு பார்க்கிறது. எனக்குப் பிடித்தது பரிசல் அல்ல. சனி, ஞாயிறு மட்டும் என்று வைத்திருந்தார்கள். மிச்ச ஐந்து நாள் அவர்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் போகிற சாதாரண ஆட்கள். அதன் மறுபக்கம் அந்தமான். ஜாரவாப் பெண்களை உணவைக் காட்டி ஆடவைத்த காணொளி 2012இல் உலகம் முழுக்கப் போனதே, அங்கே எவரும் அவர்களிடம் நாள் கேட்கவில்லை, விலை கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். விளையாட்டு வில்லைக் கையில் கொடுத்தவனும் நான்தான்.

2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன. அடுத்த வருடம் கொரோனா. 2018இல் 23 இலட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தவர்கள் 2 இலட்சம்கூட இல்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்று வானுக்குள்ளேயே படுத்தேன். தம்பனைபோல பஸ்ஸை நம்பியிருந்த இடங்கள் எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்தேன். வாகரைக்குத் தொலைபேசி எடுத்தால், "இறாலுக்கு விலையில்ல, வேற ஒண்டும் இல்ல" என்றார் பெரியவர். எங்கள் வருகை நின்றதை அவர்கள் பெரிதாக உணரவேயில்லை. கடன்பட்டது நான். அம்மாவின் சோடிக் காப்பு அடைவுக்குப் போனது. அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, இவ்வளவு வருடம் நான் செய்ததில் பிழையில்லாத பகுதி அதுதான் என்றும் பட்டது. நாங்கள் வராமல்போனாலும் அவர்கள் வீட்டு உலை கொதிக்கவேண்டும். கணக்கு அப்படி இல்லாத இடத்துக்கு இப்போது நான் ஆட்களைக் கொண்டுபோவதில்லை.

இப்போது திரும்பவும் ஆட்கள் வருகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தண்ணீரூற்றில் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், கிணற்றடியைப் படமெடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா யோசித்தா. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, கப்பியில் கையை வைத்து நின்று, "இப்ப எடு பிள்ளை" என்றா.

பெரியவருக்கு இப்போது கண் தெளிவில்லை. காட்டுக்கு மருமகன்தான் போகிறார். நேற்று இரவு வழமைபோல தொலைபேசி எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஆறு பேர் இருக்கிறார்கள், பிரான்சிலிருந்து. சங்கத்து அக்கா எடுத்து, இந்தக் கிழமை வேண்டாம் என்றா. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு பேரையும் கொக்கிளாய்க்குப் பறவை பார்க்கக் கொண்டுபோகப்போகிறேன்.